நமக்காக ‘வேண்டாம்’ என்று சொல்லும் நீட்சி: கன்சென்ட்-ஓ-மேட்டிக், ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கடந்த ஓராண்டாக என் கணினியிலும் கைப்பேசியிலும் கன்சென்ட்-ஓ-மேட்டிக் என்ற உலாவி நீட்சியை (உலாவியோடு இணைத்துக்கொள்ளும் சிறு நிரலை)ப் பயன்படுத்தி வருகிறேன். செய்தித்தளத்தைத் திறந்த மறுகணமே பக்கத்தை மறைத்துக்கொண்டு எழுந்து நிற்கும் குக்கி ஒப்புதல் பெட்டியை நம் சார்பில் திறந்து, நாம் முன்கூட்டியே சொல்லிவைத்த விருப்பப்படி ஒவ்வொரு கேள்விக்கும் பதில் கொடுத்து மூடிவிடுவதுதான் இதன் வேலை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய இந்த நீட்சிக்குக் கட்டணம் எதுவும் இல்லை. இதன் மூலநிரலை எவரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம். பிரிட்டனில் வசிக்கும் நான் நாள்தோறும் ஏழெட்டுச் செய்தித்தளங்களைப் புரட்டுகிறவன் என்பதால், இந்தக் கருவியின் நிறையையும் குறையையும் செய்தி வாசிப்பை முன்வைத்தே எழுதுகிறேன்.

இதைத் தேடிப் போகக் காரணமாக இருந்தது ஒரு காலைநேர ரயில் பயணம். நெருங்கிய உறவினர் ஒருவருக்குச் சிறுநீரகச் சிகிச்சை தேவைப்பட்ட நாள்கள் அவை. மாற்று அறுவைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலைப் பற்றி ஒரு செய்தித்தளத்தில் கட்டுரை வந்திருப்பதாக அறிந்து, அலுவலகம் செல்லும் வழியில் அதைத் திறந்தேன். ‘உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம்’ என்ற தலைப்புடன் பெட்டி வந்தது. ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்ற பொத்தான் பளிச்சென்ற நிறத்தில், கட்டைவிரலுக்கு வாகான இடத்தில் இருந்தது. மறுப்பதற்குப் பொத்தான் இல்லை. அதன் கீழே, சாம்பல் நிற மெல்லிய எழுத்தில், ‘விருப்பங்களை நிர்வகிக்க’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதைத் தொட்டால் பத்துப் பன்னிரண்டு நோக்கங்களின் பட்டியல் விரிந்தது. அந்தப் பட்டியலில் விசைகள் அணைந்தே இருந்தன. ஆனால் பக்கத்திலேயே ‘நியாயமான நலன்’ என்று, ஒப்புதல் இல்லாமலே தரவைப் பயன்படுத்த நிறுவனங்கள் காட்டும் சட்டக் காரணத்தின் பெயரில் இன்னொரு பிரிவு இருந்தது, அங்கே விசைகள் எல்லாம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அணைத்தேன். அதற்குப் பின் ‘பங்காளர்கள்’ என்ற பட்டியல் வந்தது. விரலால் தள்ளத் தள்ள அது முடியவே இல்லை. இறங்க வேண்டிய நிலையம் நெருங்கியது. பொறுமை இழந்து முதல் பக்கத்துக்குத் திரும்பி, அந்தப் பளிச்சென்ற பொத்தானை அழுத்திவிட்டேன். குடும்பத்துக்குள்ளேயே இன்னும் பலருக்குச் சொல்லாத ஒரு நோயைப் பற்றி நான் படிக்கிறேன் என்பதை, பெயரே தெரியாத நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் குறித்துக்கொள்ளலாம் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக அன்று முழுவதும் மனம் உறுத்தியது.

குக்கி என்பது தன்னளவில் தீங்கான பொருள் இல்லை. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி அதை உருவாக்கியபோது, ஒரு தளம் தன்னிடம் மறுபடி வரும் உலாவியை அடையாளம் கண்டுகொள்ள ஒரு சிறு குறிப்பை அதனிடமே விட்டுவைப்பது மட்டுமே நோக்கமாக இருந்தது. நாம் உள்நுழைந்திருக்கிறோம் என்பதையும், எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறோம் என்பதையும் தளம் நினைவில் வைத்துக்கொள்வது இன்றும் அந்தக் குறிப்பால்தான். சிக்கல், பக்கத்துக்குள் விளம்பர இடம் வாங்கும் மூன்றாம் தரப்பு நிறுவனங்களும் தங்கள் குறிப்பை நம் உலாவியில் விடத் தொடங்கியதில் பிறந்தது. ஒரே விளம்பர நிறுவனத்தின் நிரல் ஆயிரம் தளங்களில் இருந்தால், அந்த ஆயிரம் தளங்களிலும் நாம் சென்ற வழி அதற்குத் தெரியும். செய்தித்தளத்தில் பக்கம் திறக்கும் அந்த நொடிக்குள், விளம்பர இடத்துக்கு ஒரு மின்னணு ஏலம் நடந்து முடிகிறது. ஏலத்தில் கலந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு நாம் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம், எந்தக் கருவியில் படிக்கிறோம், எந்தப் பகுதியில் இருக்கிறோம் போன்ற விவரங்கள் போய்ச் சேர்கின்றன. ஏலத்தில் தோற்றவர்களும் அந்த விவரத்தைப் பார்த்துவிட்டவர்களே.

துணிக்கடைத் தளத்தில் இது நடப்பதற்கும் செய்தித்தளத்தில் நடப்பதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக நான் கருதுகிறேன். துணிக்கடையில் தெரிவது நம் சட்டை அளவு. செய்தித்தளத்தில் ஒருவர் எந்தக் கட்சியின் செய்தியை முழுதாகப் படிக்கிறார், எந்த மதக் கலவரத்தைப் பற்றிய செய்தியில் தங்குகிறார், மனச்சோர்வைப் பற்றிய கட்டுரையை இரவு எத்தனை மணிக்குத் திறக்கிறார் என்பனவெல்லாம் தெரியும். அச்சு நாளிதழைக் கையில் வைத்துப் படித்தவரை யாரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்னணுத் தனியுரிமை நெறிமுறை 2002-ல் வந்தது. 2009-ல் அது திருத்தப்பட்ட பிறகு, தளம் இயங்குவதற்குக் கட்டாயம் தேவைப்படாத குக்கிகளுக்கு முன் ஒப்புதல் வேண்டும் என்றாயிற்று. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை (ஜிடிபிஆர்), ஒப்புதல் என்றால் தடையின்றி, தெரிந்து, தெளிவான செயலால் தரப்படுவது என்று வரையறுத்தது. முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் பிளானெட்49 வழக்கில் தீர்ப்பளித்தது. ஏற்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக மறுக்கவும் வழி இருக்க வேண்டும் என்ற அடிப்படையில், பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததாக அறிவித்தது. பிரிட்டனில் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 நவம்பரில் நாட்டின் முதல் 100 தளங்களுள் 53 தளங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது; அடுத்த ஜனவரிக்குள் 38 தளங்கள் பெட்டியைத் திருத்திக்கொண்டதாக அந்த அலுவலகமே தெரிவித்தது.

இவ்வளவு இருந்தும் அந்த ரயிலில் எனக்கு நேர்ந்தது ஏன் நேர்ந்தது என்ற கேள்விக்கு விடை, இந்த நீட்சி பிறந்த கதையிலேயே இருக்கிறது. இதை உருவாக்கிய குழுவில் ஒருவரும் அமெரிக்க, பிரிட்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் 10,000 தளங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒப்புதல் பெட்டிகளைத் தயாரித்துக் கொடுக்கும் ஐந்து பெரிய நிறுவனங்களின் பெட்டிகளை ஆராய்ந்தபோது, சட்டத்தின் குறைந்தபட்சத் தேவைகளைக்கூட நிறைவேற்றியவை 11.8 சதவீதம் மட்டுமே என்று கண்டார்கள். மறுப்புப் பொத்தானை முதல் பக்கத்திலிருந்து எடுத்து உள்ளே தள்ளிவிட்டால், ஒப்புதல் தருவோர் அளவு 22 முதல் 23 சதவீதப் புள்ளிகள் கூடுகிறது என்பதையும் சோதனை செய்து காட்டினார்கள். ஆக, பெட்டியை வடிவமைக்கிறவருக்கு நம் களைப்பு ஒரு கச்சாப் பொருள். நாம் எதை விரும்புகிறோம் என்பதைவிட, எத்தனை முறை அழுத்தினால் நாம் சலித்துப்போவோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சலிப்பே இல்லாத ஒன்றிடம் அந்த வேலையை ஒப்படைத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் இந்த நீட்சி உருவானது. இதைவிடப் பொருத்தமான விடையை நான் இதுவரை பார்க்கவில்லை.

நிறுவுவது ஒரு நிமிட வேலை. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், எட்ஜ், சஃபாரி ஆகிய உலாவிகளின் நீட்சிக் கடைகளில் கிடைக்கிறது. கைப்பேசியில் ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸிலும் ஐபோன் சஃபாரியிலும் சேர்த்துக்கொள்ளலாம். அமைப்புப் பக்கத்தில் இருப்பவை ஆறே விசைகள்: விருப்பங்களும் செயல்பாடுகளும், பயன்பாட்டு அளவீடு, தகவலைச் சேமித்தலும் அணுகுதலும், உள்ளடக்கத் தேர்வு, விளம்பரத் தேர்வு, இவற்றுள் அடங்காத பிற நோக்கங்கள். ஆறும் தொடக்கத்திலேயே அணைந்த நிலையில் இருக்கின்றன என்பது இந்தக் கருவியை உருவாக்கியவர்களின் மனநிலையைச் சொல்கிறது. நான் முதலாவதை மட்டும் ஏற்றிவைத்திருக்கிறேன். மொழித் தேர்வு போன்றவற்றைத் தளங்கள் நினைவில் வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. மற்ற ஐந்தும் அணைந்தபடியே இருக்கின்றன.

வேலை நடப்பதை ஒரு முறையாவது கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, வேகம் குறைந்த பழைய மடிக்கணினி ஒன்றில் வேண்டுமென்றே இதை ஓடவிட்டுப் பார்த்தேன். பக்கம் திறந்தது, பெட்டி எழுந்தது, எழுந்த வேகத்திலேயே அது சிறுத்து ஓரத்துக்கு ஒதுங்கியது. ‘விருப்பங்களை நிர்வகிக்க’ என்ற அந்தச் சாம்பல் வரி தானாக அழுந்தியது. பட்டியல் விரிந்தது. விசைகள் ஒன்றன்பின் ஒன்றாக, மேலிருந்து கீழே அணைந்துகொண்டே வந்தன. ‘நியாயமான நலன்’ பிரிவுக்குள்ளும் அது போனது. அங்கே எரிந்துகொண்டிருந்தவையும் அணைந்தன. பிறகு ‘சேமி’ அழுந்தியது, பெட்டி மறைந்தது, கட்டுரை கண்முன் இருந்தது. மூன்று நொடிகளுக்கு மேல் ஆகியிருக்காது. அன்று ரயிலில் நான் நான்கு நிமிடம் போராடித் தோற்ற வேலை இதுதான் என்று நினைத்தபோது உண்மையாகவே நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. புதிய கணினிகளில் இந்தக் காட்சியெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓரத்தில் ஏதோ அசைந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

இதே வேலைக்கென்று வேறு கருவிகளும் இருக்கின்றன. அவற்றோடு இதை ஒப்பிடும்போது ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். விளம்பரத் தடுப்பான்களின் துணைப் பட்டியல்கள் பெட்டியை வெறுமனே மறைத்துவிடுகின்றன. கேள்விக்குப் பதிலே போகாததால், சட்டப்படி அது ஒப்புதல் தராத நிலை. பல தளங்களில் இது போதும். ஆனால் பெட்டி மறைந்த பிறகும் பக்கம் உருள மறுத்து உறைந்து நிற்கும் தளங்கள் உண்டு. வேறு சில நீட்சிகள் பெட்டியை அகற்றுவதையே முதல் நோக்கமாகக் கொண்டவை என்பதால், மறுப்பது கடினமாக இருக்கும் இடங்களில் ஏற்றுக்கொண்டு கடந்துவிடுகின்றன. ‘ஐ டோன்ட் கேர் அபவுட் குக்கீஸ்’ என்ற புகழ்பெற்ற நீட்சி அந்த வகையைச் சேர்ந்தது. தேவைப்படும்போது ஏற்பேன் என்று அதன் விளக்கத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. 2022-ல் அதை, வைரஸ் தடுப்பு மென்பொருள் தயாரிக்கும் அவாஸ்ட் நிறுவனம் வாங்கியது. பயனர்களின் இணைய உலாவல் விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்றதற்காக, அதே அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. நாம் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் வாசிக்கும் அனுமதியை இத்தகைய நீட்சிகள் கேட்கின்றன. கன்சென்ட்-ஓ-மேட்டிக்கும் கேட்கிறது, கேட்காமல் அதனால் இயங்க முடியாது. அந்த அனுமதியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒன்று வெளிப்படையான மூலநிரலோடு தருவதை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

குறைகளுக்கு வருகிறேன். இந்த நீட்சி எல்லாப் பெட்டிகளையும் புரிந்துகொள்வதில்லை. பெரிய நிறுவனங்கள் தயாரிக்கும் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும், எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எதை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்ற விதிகளை மனிதர்கள் எழுதிச் சேர்க்கிறார்கள். ஒரு செய்தி நிறுவனம் தனக்கென்று சொந்தமாகப் பெட்டி செய்துகொண்டாலோ, பழைய பெட்டியின் அமைப்பை மாற்றினாலோ, விதி எழுதப்படும்வரை நீட்சி பேசாமல் நிற்கும். என் அனுபவத்தில் ஐரோப்பியப் பெரிய நாளிதழ்களில் பெரும்பாலும் வெற்றி. வட்டாரச் செய்தித்தளங்களில் சில வாரங்கள் வெற்றி, சில வாரங்கள் தோல்வி. கருவிப்பட்டையில் உள்ள சின்னத்தை அழுத்தினால், வேலை செய்யாத தளத்தை உருவாக்கியவர்களுக்குத் தெரிவிக்கவும், குறிப்பிட்ட தளத்தில் மட்டும் நீட்சியை நிறுத்திவைக்கவும் வழி இருக்கிறது. இரண்டாவது வசதி அவ்வப்போது தேவைப்படுகிறது: எல்லாவற்றையும் மறுத்த பிறகு, கட்டுரைக்குள் பதித்திருக்கும் காணொளிகளும் சமூக ஊடகப் பதிவுகளும் சில தளங்களில் திறப்பதில்லை. செய்தியின் சாரமே அந்தக் காணொளியில் இருக்கும் நாள்களில் இது எரிச்சலூட்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது எந்த அளவு பயன்படும் என்று கேட்டால், இன்றைய நிலையில் குறைவு என்றே சொல்ல வேண்டும். சென்ற முறை கும்பகோணத்தில் அம்மாவோடு இருந்தபோது, அவர் தினமும் கைக்கணினியில் படிக்கும் தமிழ்ச் செய்தித்தளத்தைக் கவனித்தேன். கீழே ஒரு பட்டை. ‘இத்தளத்தைத் தொடர்ந்து பயன்படுத்துவதன் மூலம் ஒப்புக்கொள்கிறீர்கள்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். பக்கத்தில் ‘ஓகே’ என்று ஒரே ஒரு பொத்தான். “இது என்னடா, தினமும் வந்து நிக்குது? ஓகே போட்டாத்தான் கீழ இருக்கற வரி தெரியுது” என்றார் அம்மா. மறுக்க இடமே இல்லாத பெட்டியில் எந்த நீட்சியாலும் மறுக்க முடியாது. ஆயினும் இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறிவிட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான பகுதிகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. ஒப்புதல் தடையற்றதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும், கொடுத்த எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்ற பிரிவு. தமிழ்ச் செய்தியைத் தமிழில் படிக்கிற என் அம்மாவிடம் ஒப்புதலையும் தமிழில் கேட்க வேண்டிய நாள் அப்போது வரும். இத்தகைய கருவிகளுக்குத் தமிழ்ப் பெட்டிகளுக்கான விதிகளை எழுத ஆள் தேவைப்படும் நாளும் அதுவே.

இன்னொரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் மறுத்தோம் என்பது தளத்தின் கணக்கில் பதிவாகிறது. தளம் அதன்படி நடக்கிறதா என்பது வேறு. நீட்சி அணைத்த விசைகள் எல்லாம் ஓர் எழுத்துச் சரமாகக் குறிக்கப்பட்டு, விளம்பர ஏலத்தில் இருக்கும் நிறுவனங்களுக்குப் போகின்றன. ஐரோப்பிய விளம்பரத் துறையின் கூட்டமைப்பு வகுத்த இந்த ஏற்பாட்டில் அந்தச் சரமே தனிநபர் தரவாகும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2024 மார்ச்சில் தீர்ப்பளித்தது. பிரான்சின் லே ஃபிகாரோ நாளிதழின் தளத்தில், வாசகர் எதையும் அழுத்துவதற்கு முன்பும், மறுத்த பின்பும்கூட, மூன்றாம் தரப்பு விளம்பரக் குக்கிகள் வைக்கப்பட்டதைக் கண்டறிந்து, அந்நாட்டு ஆணையம் 2021 ஜூலையில் 50,000 யூரோ தண்டம் விதித்தது. ஆகவே இந்த நீட்சியை மட்டும் நம்பியிருக்காமல், உலாவியின் சொந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்வது நல்லது. சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்துவைக்கிறது. குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒழிக்கப்போவதாக 2020-ல் சொன்ன கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. நான் ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறி, உலாவியை மூடும்போதெல்லாம் குக்கிகள் அழியும்படி வைத்திருக்கிறேன். முன்பு இப்படிச் செய்தால் தண்டனைபோல் இருக்கும்: நாம் மறுத்த நினைவும் ஒரு குக்கியில் இருப்பதால், தினமும் எல்லாப் பெட்டிகளும் புதிதாக வந்து நிற்கும். இப்போது வந்தாலும் அவற்றுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. இந்த இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவதில்தான் நீட்சியின் முழுப் பலனும் கிடைக்கிறது.

இவ்வளவு நல்ல கருவியையும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவைக்கும் ஒரு பெட்டி இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது.

ஆஸ்திரியாவின் டெர் ஸ்டாண்டர்ட் நாளிதழ் 2018-லேயே தன் வாசகர்கள் முன் இரண்டு வழிகளை வைத்தது: விளம்பர நிறுவனங்கள் உங்களைப் பின்தொடர ஒப்புக்கொண்டு இலவசமாகப் படியுங்கள், அல்லது மாதந்தோறும் பணம் கட்டுங்கள். ஜெர்மானிய நாளிதழ்களும் வார இதழ்களும் அதைப் பின்பற்றின. 2024-ல் இது பிரிட்டனுக்கும் வந்தது. மெயில் ஆன்லைன், தி சன், தி இண்டிபெண்டன்ட் போன்ற தளங்கள் இந்த முறைக்கு மாறின. மறுப்புப் பொத்தான் இப்போது முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது. அதன் மேல் விலை ஒட்டப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதை முற்றாகத் தடுக்கவில்லை. கட்டணம் பொருத்தமானதா, இரு தரப்புக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு உண்டா, இரு வழிகளிலும் கிடைக்கும் சேவை ஒன்றுதானா என்பனவற்றை எடைபோட வேண்டும் என்கிறது.

செய்தி நிறுவனங்களின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தை நான் உணராதவன் இல்லை. நீதிமன்றத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் செய்தியாளருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அச்சு விளம்பர வருவாய் வற்றிவிட்டது. செய்திக்குக் காசு கேட்பதில் எனக்குத் துளியும் ஆட்சேபம் இல்லை. இரண்டு நாளிதழ்களுக்கு நானே சந்தா கட்டுகிறேன். ஆனால் இந்தப் பெட்டி கேட்கும் காசு வேறு வகையானது. பல தளங்களில் செய்திச் சந்தா தனி, பின்தொடராமல் இருப்பதற்கான சந்தா தனி. கட்டுரைகளைப் படிக்கச் சந்தா கட்டிய வாசகர்முன்னும் குக்கிப் பெட்டி வந்து நிற்கும். என்னைப் பற்றிய விவரத்தைக் கொடுக்காமல் இருப்பது சட்டம் எனக்குத் தந்த உரிமை. அந்த உரிமைக்கு மாத வாடகை கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐந்து பவுண்டு எனக்குப் பெரிய தொகையாக இல்லாமல் இருக்கலாம். ஏழெட்டுத் தளங்கள் ஆளுக்கு ஐந்து பவுண்டு கேட்டால், எனக்கே அது மாதச் செலவில் கணிசமான தொகை. அரசு உதவித்தொகையில் வாழும் ஒருவர், தன் உதவித்தொகை குறையப்போகிறது என்ற செய்தியைப் படிக்கும்போது, அவருக்கு உண்மையில் அந்தப் பெட்டியில் எத்தனை பொத்தான்கள் இருக்கின்றன?

பின்தொடராமல் விளம்பரம் விற்க முடியாது என்ற வாதத்துக்கு எதிரான சான்றுகளும் கண்முன் இருக்கின்றன. 2018-ல் நியூயார்க் டைம்ஸ் ஐரோப்பிய வாசகர்களுக்கு உலாவல் நடத்தை சார்ந்த விளம்பர ஏலத்தை நிறுத்திவிட்டு, கட்டுரையின் பொருளையும் வாசகரின் நாட்டையும் வைத்தே விளம்பரம் விற்றது. விளம்பர வருவாய் குறையவில்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்காக விளம்பரம் விற்கும் அமைப்பு 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கிகளை முற்றிலும் விட்டொழித்தது. அதற்கடுத்த மாதங்களின் வருவாய் முந்தைய ஆண்டைவிட உயர்ந்தது. ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்தபோது அமெரிக்காவின் யுஎஸ்ஏ டுடே, ஐரோப்பியருக்கென்று பின்தொடரும் நிரல்கள் நீக்கப்பட்ட தனிப் பதிப்பை வைத்தது. 5 மெகாபைட்டுக்கு மேல் இருந்த முகப்புப் பக்கம் அரை மெகாபைட்டாகச் சுருங்கியது. வாசகரின் தரவுக்கட்டணத்தில் பத்தில் ஒன்பது பங்கு எதற்காகச் செலவாகிக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த ஒரு பக்கமே சாட்சி. பொருளாதாரப் பக்கத்தில் வங்கி விளம்பரமும் விளையாட்டுப் பக்கத்தில் காலணி விளம்பரமும் போட எந்தக் குக்கியும் தேவையில்லை. அச்சு நாளிதழ்கள் நூறாண்டுகளுக்கு மேலாக அதைத்தான் செய்துவந்தன.

கன்சென்ட்-ஓ-மேட்டிக்கை ஐரோப்பாவிலோ பிரிட்டனிலோ வசிக்கும் எவருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வயதான உறவினர்களின் கணினிகளில் இதை நிறுவிக்கொடுங்கள். பெட்டியின் எழுத்தைப் படிக்கக் கண் ஒத்துழைக்காதவர்களே அந்தப் பளிச்சென்ற பொத்தானை அதிகம் அழுத்துகிறார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைந்த ஒன்று, புரியாத பெட்டிகளின்முன் அது ஓசையில்லாமல் நின்றுவிடுவதற்காக. பதில் சொல்லப்பட்டதா இல்லையா என்பது நமக்கு இன்னும் தெளிவாகத் தெரியவேண்டும்.

விலை ஒட்டிய பெட்டிகளுக்காக நான் எந்த மதிப்பெண்ணையும் குறைக்கவில்லை. சென்ற வாரம் அப்படி ஒரு பக்கத்தைத் திறந்தேன். அதுவும் மருத்துவமனைகளைப் பற்றிய செய்தி. நீட்சியின் சின்னம் மேலே இருந்தது, ஒன்றும் செய்யவில்லை. செய்ய அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு பொத்தான்களையும் படித்தேன். தாவலை மூடிவிட்டு, அதே செய்தியை நான் சந்தா கட்டும் நாளிதழில் தேடிப் படித்தேன். அங்கும் பெட்டி எழுந்தது, விசைகள் அணைந்தன, மூன்று நொடியில் கட்டுரை வந்தது.